மடியும் மறவியும்: கவனக்குறைவின் அறநிலை குறித்து ஓர் எல்லைப்புற நோக்கு

முன்னுரை

ஒருவர் தம் கடமையைச் செய்யத் தவறும்போது, அவர் செய்ய விரும்பவில்லையா, செய்ய இயலவில்லையா என்று கேட்பது அறநெறியின் முதற்படியாகும். விரும்பாதவரைக் கடிந்துரைக்கிறோம், இயலாதவர்க்கு உதவுகிறோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலை ஒன்று உண்டு. செய்ய விருப்பம் இருக்கிறது. செய்வதற்குரிய அறிவும் திறமும் இருக்கின்றன. ஆயினும் செயல் நிகழ்வதில்லை. மருத்துவ உலகம் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று பெயரிட்டிருக்கும் நிலை இத்தகையது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஏ.டி.எச்.டி. என வழங்கப்படும் இந்நிலையோடு வாழ்பவரின் மறதியும் காலத்தாழ்வும் குற்றமா, குறையா, இரண்டும் அல்லாத பிறிதொன்றா என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேரள மாநிலத்தின் தென்கோடியில் அமைந்த பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி எல்லைப்புற ஊர்களின் பேச்சு வழக்கும், தொல்காப்பியம், திருக்குறள், சிலப்பதிகாரம் ஆகிய நூல்களின் கருத்துகளும் இக்கட்டுரைக்கு ஆதாரங்களாகின்றன. இவற்றோடு இக்கட்டுரையாளரின் சொந்த வாழ்வும் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆய்வாளர் தம்மையே சான்றாக்குவது ஆய்வு மரபில் அரிது என்பது உண்மையே. எனினும் இப்பொருளில் வெளியிலிருந்து நோக்குவோர்க்குப் புலப்படுவது செயலின் இன்மை மட்டுமே. உள்ளே நிகழ்ந்து தோற்ற முயற்சி புலப்படுவதில்லை. அதனைச் சொல்ல உள்ளிருப்பவர் ஒருவர் வேண்டும் என்பதே இதற்குரிய காரணமாகும்.

மருத்துவ வரையறையும் அதன் அறச்சுமையும்

கவனம் என்பது நோயுறக்கூடிய ஓர் ஆற்றல் என்னும் எண்ணம் புதியதன்று. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரிக்டன் 1798-ஆம் ஆண்டு வெளியிட்ட மனநோய் பற்றிய நூலில் கவனத்தையும் அதன் நோய்களையும் குறித்துத் தனி இயலே வகுத்துள்ளார். 1902-ஆம் ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளே இத்துறையின் தொடக்கமெனப் பலராலும் சுட்டப்படுகின்றன. அறிவில் குறைவில்லாத, ஆயின் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி அவர் பேசினார். அந்நிலைக்கு அவர் இட்ட பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்பதாகும். ஆக, மருத்துவம் இந்நிலையை முதன்முதலில் உற்றுநோக்கிய காலத்திலேயே அதன்மேல் ஒழுக்கம் என்னும் சொல் படிந்துவிட்டது எனலாம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980-இல் கவனக்குறைவை முதன்மைப்படுத்திப் பெயரிட்டது. இன்று வழங்கும் பெயர் 1987-இல் வந்தது. 2013-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, முதிர்ந்தோரிடமும் இந்நிலை தொடர்வதைக் கருத்திற்கொண்டு அளவுகோலை மாற்றியமைத்தது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதிற்குமுன் தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி, பணியிடம் போன்ற ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுதல் வேண்டும். வாழ்வைத் தடைப்படுத்துவனவாகவும் இருத்தல் வேண்டும். எப்போதோ ஒருமுறை சாவியைத் தொலைப்பவர் இவ்வரையறைக்குள் வாரார். உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடமும் முதிர்ந்தோரில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினரிடமும் இந்நிலை காணப்படுவதாக ஆய்வுத் தொகுப்புகள் மதிப்பிடுகின்றன. இரட்டையர் ஆய்வுகள் இதன் மரபுவழிப் பங்கை 70 விழுக்காட்டிற்கு மேல் கணிக்கின்றன. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதனை நரம்புவளர்ச்சி சார்ந்த நிலைகளுள் வைத்துள்ளது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் இதற்குத் தனி இடம் இல்லை.

2024 மே மாதம் மலையாளத் திரைக்கலைஞர் பகத் பாசில், கோதமங்கலத்தில் நடைபெற்ற ஒரு நிகழ்ச்சியில், தமக்கு நாற்பத்தொரு வயதில் இந்நிலை கண்டறியப்பட்டதாக வெளிப்படையாகக் கூறினார். இக்கட்டுரையாளரின் அம்மை இச்சொல்லை முதன்முதலில் கேட்டது அச்செய்தியின் வழியேதான். மருத்துவர் முன்னரே சொல்லியிருந்ததை அன்றுதான் அம்மை நம்பினார்.

கண்டறிதல் நிகழ்ந்த முறையும் மரபுவழிப் பங்கிற்கு ஏற்றதாகவே அமைந்தது. எட்டு வயது மகனைத் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அவர் மகனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு வினாவிற்கும் தாயின் மனம் தன்னைப் பற்றியே விடை கூறிக்கொண்டிருந்தது. மகனுக்கு அடுத்து, முப்பத்து நான்கு வயதில், தாய்க்கும் அது உறுதியாயிற்று.

அன்றாடத்தில் கவனம்

இந்நிலையோடு வாழ்தல் என்பது பெருந்துயரங்களின் தொகுப்பன்று; சிறு தவறுகளின் இடையறாத வரிசையாகும். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, அணைந்து, பாத்திரம் கருகும்வரை அடுத்த அறையில் ஓர் உரைநூலில் ஆழ்ந்திருத்தல். மின்கட்டணத்திற்குப் பணம் கையிலிருந்தும் இறுதிநாள் கடந்துபோதல். பிறர் பேச்சு முடியுமுன் இடையே புகுந்து பேசிப் பின் நாணுதல். திருத்திய விடைத்தாள் கட்டைத் தொடர்வண்டி இருக்கையில் விட்டுப் பாறசாலை நிலையத்தில் இறங்கி, வண்டி குழித்துறை நோக்கி நகர்ந்தபின் கை வெறுமையை உணர்தல். அக்கட்டினை நாகர்கோவிலில் மீட்க முடிந்தது. மீட்க முடியாதவையும் உண்டு.

காலவுணர்வு இங்குத் தனியே நோக்கத்தக்கது. வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இந்நிலையில் வாழ்பவர்க்குக் காலம் இரண்டே கூறுகளாகத் தோன்றுகிறது: இப்பொழுது, இப்பொழுது அல்லாதது. பதினைந்து நாள் கழித்து முடிக்கவேண்டிய பணி, இறுதி இரவு வரை இப்பொழுது அல்லாததிலேயே இருக்கிறது. பின் ஒரே நொடியில் இப்பொழுதாகிவிடுகிறது. இடையில் உள்ள பதினான்கு நாள்களும் ஓய்வாகக் கழிவதில்லை. தொடங்க வேண்டும் என்னும் நினைவு உறுத்திக்கொண்டே இருக்கத் தொடங்கமுடியாமல் கழிகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது சோம்பல். உள்ளிருப்பவர்க்குக் கடும் உழைப்பு, ஆனால் விளைவில்லாத உழைப்பு.

இதற்கு எதிரான சான்றொன்று எப்போதும் முன்வைக்கப்படும். பிடித்த பணியில் இரவு முழுதும் கண் விழிக்க முடிகிறதே, பிடிக்காததற்கு மட்டும் எவ்வாறு முடியாமல் போகிறது என்பர். இக்கேள்வி நேர்மையானது, விடை கூறவேண்டிய கடப்பாடும் உண்டு. ஓர் உரையாசிரியரின் பாட வேறுபாட்டைத் தேடி விடியும்வரை அமர்ந்திருந்தவரால், மறுநாள் ஒரு பக்க அறிக்கையை எழுத இயலாமற்போனது உண்மை. ஆனால் அவ்விரவில் அமர்ந்ததும் அவருடைய தேர்வன்று என்பதே இங்கு அறியவேண்டுவது. எழுந்து உறங்கச் செல்லவேண்டும் என்று அவர் மும்முறை எண்ணினார், எழ இயலவில்லை. கவனம் இல்லை என்பதன்று. உள்ள கவனம் ஏவலுக்குக் கட்டுப்படுவதில்லை என்பதே உண்மை. விருப்பமும் சினமும் அச்சமும் அதனைச் செலுத்தும். கடமையுணர்வு மட்டும் செலுத்தாது. கடமையுணர்வு இல்லாமையால் அன்று, அவ்வுணர்வைச் செயலோடு இணைக்கும் கயிறு தளர்ந்திருப்பதால்.

பெண்ணாயின் இதன் சுமை மேலும் மிகும். பெண்பிள்ளைகளிடம் மிகையியக்கம் வெளிப்படக் குறைவாகவும் கவனச்சிதைவு உள்ளடங்கியும் இருப்பதால், அவர்கள் கண்டறியப்படாமலே வளர்கின்றனர். ஆண் மறந்தால் அது அவன் இயல்பு. பெண் மறந்தால் அது அன்பின்மை. மகனின் மதிய உணவுப் பாத்திரத்தை மேசைமேல் விட்டுச்செல்லும் தாய், மறதியுடையவள் என்று கருதப்படுவதில்லை. பிள்ளைமேல் கருத்தில்லாதவள் என்றே கருதப்படுகிறாள். நினைவில் வைத்தலே அன்பின் அளவை என்று ஏற்றுக்கொண்ட சமூகத்தில், நினைவு வழுவுதல் அன்பு வழுவுதலாகவே எண்ணப்படும்.

எல்லைப்புற வழக்கில் நான்கு சொற்கள்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தென்பகுதியைச் சேர்ந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் உறவினர் வாழ்கின்றனர்; வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாகப் பிள்ளைகள் வளர்வதுண்டு. இத்தகைய இருமொழிச் சூழலில் கவனத்தைக் குறிக்கும் சொற்களே ஓர் அறச்சிக்கலை உண்டாக்குகின்றன.

முதலாவது சிரத்தை என்னும் சொல். வடமொழியில் நம்பிக்கை, பற்று என்னும் பொருளுடைய இது, தமிழில் அக்கறை, ஈடுபாடு என்னும் பொருளில் வழங்குகிறது. மலையாளத்தில் இதுவே கவனம் என்பதற்குரிய அன்றாடச் சொல்லாகும். இக்கட்டுரையாளர் நான்காம் வகுப்பில் பயின்றபோது ஆசிரியை குறிப்பேட்டில் மலையாளத்தில் எழுதியனுப்பியது, வகுப்பில் சிரத்தை இல்லை என்பதே. ஆசிரியை எழுதியது கவனம் இல்லை என்று. தமிழறிந்த அம்மை படித்தது அக்கறை இல்லை என்று. ஆசிரியையின் சொல் ஒரு நிலையை விவரித்தது. அம்மையின் செவியில் அது ஒரு குற்றச்சாட்டாயிற்று. அன்று கிடைத்த அடி, இரு மொழிகளுக்கிடையே பொருள் மாறிய ஒரு சொல்லுக்குக் கிடைத்த அடி எனலாம்.

இரண்டாவதும் மூன்றாவதும் மறவி, மடி என்பன. இவை திருக்குறளின் சொற்கள். இன்றைய தமிழ்ப் பேச்சில் மறதி, சோம்பல் என்பனவே வழங்க, மலையாளப் பேச்சில் மறவியும் மடியும் இன்றளவும் உயிரோடு உள்ளன. எல்லைப்புறத் தமிழரும் அவற்றைக் கையாள்வர். சோம்பேறி ஆண் மடியன், பெண் மடிச்சி. மடியன் மலை சுமப்பான் என்பது மலையாளப் பழமொழி. சிறு பணியைத் தள்ளிப்போடுபவன் இறுதியில் மலையளவு சுமப்பான் என்பது கருத்து. சுமப்பது உண்மை, மடியால்தான் சுமக்கிறானா என்பதே கேள்வி. மலையாளத்தில் மடித்தல் என்பதற்குத் தயங்குதல் என்னும் பொருளும் உண்டு. செயலின் வாயிலில் நின்று உள்ளே கால்வைக்க இயலாத அத்தயக்கத்தை, சோம்பலிலிருந்து பிரித்தறியும் வாய்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வழக்கு அதனைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

மறவிக்கு நேர்ந்தது வேறு. முதுமையில் நினைவழியும் அல்சைமர் நோயை மலையாளத்தில் மறவிரோகம் என்பர். எழுபது வயதில் மறப்பவர்க்கு மறவி ஒரு நோய், இரக்கம் கிட்டும். பத்து வயதில் மறப்பவர்க்கு அது மடி, பிரம்பு கிட்டும். ஒரே நிகழ்வு வயதிற்கேற்ப நோயாகவும் குற்றமாகவும் பெயர் பெறுவது சிந்திக்கத்தக்கது.

நான்காவது வெப்ராளம். பதற்றத்தோடு கூடிய அவசரத்தைக் குறிக்கும் இச்சொல் எல்லையின் இருபுறமும் வழங்குகிறது. வெப்ராளக்காரி என்று சொல்லும்போது கண்டிப்பைவிடக் கேலியே மிகுந்திருக்கும். இவ்வொரு சொல்லில் மட்டும் மக்கள் வழக்கு, இது இவள் இயல்பு என்று ஏற்றுக்கொண்டு சிரிக்கிறது.

தொல்காப்பியமும் திருக்குறளும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறியபின், அவற்றின் வேறாக முப்பத்திரண்டினைத் தொகுத்துக் கூறுகிறது. அத்தொகுப்பில் மடிமை, விரைவு, பொச்சாப்பு ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன. எல்லைப்புற வழக்கின் மடி, வெப்ராளம், மறவி ஆகியவற்றோடு இவை இயைந்து நிற்றல் காண்க. இதனைக் கொண்டு ஏ.டி.எச்.டி. பற்றித் தொல்காப்பியர் அன்றே கூறினார் என முடிவுகட்டுதல் பொருந்தாது. அவர் பேசுவது செய்யுளியற்கை, மருத்துவமன்று. இம்மூன்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்து தோன்றும் என்றும் அவர் கூறவில்லை. இங்குக் கொள்ளவேண்டுவது அவருடைய நோக்குமுறை ஒன்றே. அன்பு, அடக்கம், நாணுதல், கனவு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் மடிமையையும் பொச்சாப்பையும் அவர் வைக்கிறார். உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் புலப்படுதல் என்பதற்கு மேல் அவற்றின்மீது தீர்ப்பு ஏதும் கூறவில்லை.

திருக்குறள் தீர்ப்புக் கூறும் நூல். பொச்சாவாமை என்னும் 54-ஆம் அதிகாரம் மறதியை எல்லை கடந்த சினத்தினும் தீயது என்று தொடங்குகிறது. மடியின்மை அதிகாரத்தில், காலம் நீட்டித்தல், மறவி, மடி, துயில் ஆகிய நான்கும் கெடும் இயல்புடையோர் விரும்பி ஏறும் மரக்கலங்களாகச் சுட்டப்படுகின்றன. பள்ளிச் சுவர்களிலும் பேச்சுப் போட்டிகளிலும் இக்கருத்துகளைக் கேட்டு வளரும் கவனக்குறைவுடைய பிள்ளை, வள்ளுவரே தன்னைக் கடிவதாக எண்ணுவதில் வியப்பில்லை. இக்கட்டுரையாளரும் அவ்வாறே எண்ணினார்.

ஆயின் அதிகாரத்தின் இயைபையும் உரையையும் நோக்கின் நிலைமை வேறாகத் தோன்றுகிறது. பொச்சாவாமை அரசியலில், சுற்றந்தழாலுக்கும் செங்கோன்மைக்கும் இடையே வைக்கப்பட்டுள்ளது. அழகு, செல்வம், ஆற்றல் முதலியவற்றால் மகிழ்ந்து, தன்னைக் காப்பதிலும் பகையை அழித்தல் முதலிய செயல்களிலும் மறவாமையே பொச்சாவாமை எனப் பரிமேலழகர் அதிகார விளக்கம் தருகிறார். முதற்குறள் மறதியின் பிறப்பிடமாக மிக்க உவகையைக் கூறுகிறது; தம் மகிழ்ச்சியில் செருக்கும்போது மறதியால் கெட்டாரை நினைக்க என்று மற்றொரு குறள் அறிவுறுத்துகிறது. ஆகவே வள்ளுவர் கடியும் பொச்சாப்பு, அதிகாரமும் வெற்றியும் உடையவன் களிப்பினால் கொள்ளும் அயர்ச்சியாகும். கணக்குப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து வகுப்பின் வாயிலில் நடுங்கி நிற்கும் பிள்ளைக்கு அது உரியதன்று. அப்பிள்ளையிடம் களிப்பு ஏது?

மரக்கலக் குறளும் இவ்வாறே. நான்கும் தனித்தனியே எண்ணப்பட்டிருத்தலால் மறவி வேறு, மடி வேறு என்பது வள்ளுவர்க்கு உடன்பாடு என்பது பெறப்படும். மறந்தவனை மடியன் என்பது அவர் வகுத்த வேறுபாட்டை அழிப்பதாகும். மேலும் அந்நான்கினையும் விரும்பி ஏறுவோரையே அக்குறள் பேசுகிறது. விருப்பமே அங்குக் குற்றத்தின் அடையாளம். விரும்பாது அக்கலத்தில் பிறந்து, கரைசேரத் துழாவிக்கொண்டிருப்பவரை அது சுட்டவில்லை. மனத்தின்கண் மாசின்மையே அறம் என்னும் அவரது அடிப்படைக்கும் இதுவே பொருந்துவதாகும்.

மனம் மாசற்றது, இழப்பு யாருடையது?

இவ்வளவில் கட்டுரையை முடித்துக்கொண்டால், கவனக்குறைவுடையோர்க்கு விடுதலைப் பத்திரம் எழுதியதாக அது அமையும். ஒரு நிகழ்ச்சி அதற்கு இடந்தரவில்லை.

கண்டறிதலுக்குப் பின் ஓராண்டு கழிந்த காலம். இக்கட்டுரையாளரின் மேற்பார்வையில் பயின்ற ஆய்வு மாணவி ஒருவர், எல்லைப்புற ஊர் ஒன்றில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியின் மகள், உதவித்தொகை விண்ணப்பத்தைக் கையொப்பத்திற்காகத் தந்தார். அது பதினொரு நாள் கைப்பையிலேயே கிடந்தது. பன்னிரண்டாம் நாள் பை கவிழ்ந்தபோது அது வெளியே விழுந்தது. இறுதிநாள் அதற்கு முந்தைய நாளாக இருந்தது. மாணவி அவ்வாண்டு ஆய்வை நிறுத்தி ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சென்றார். அவரை வீட்டில் சென்று கண்டு, மருத்துவர் கூறியதை விளக்கி மன்னிப்புக் கேட்டபோது அவர் கூறியது: "டீச்சருக்கு சுகமில்லன்னு மனசிலாச்சு. ஆனா எனக்க ஒரு வருஷம் போச்சு டீச்சர்."

அவர் சினந்து பேசவில்லை. விளக்கத்தை ஏற்றுக்கொண்டார், ஆயினும் விளக்கம் இழப்பை ஈடுசெய்யாது என்பதையும் சொன்னார். இவ்விரு வாக்கியங்களும் சேர்ந்தே உண்மையாகும். முதல் வாக்கியத்தை மட்டும் ஏற்பது தன்னலம். இரண்டாவதை மட்டும் ஏற்பது கொடுமை.

ஆங்கில மெய்யியலறிஞர் பெர்னார்டு வில்லியம்ஸ் 1976-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சுமையுந்து ஓட்டுநரை எடுத்துக்காட்டுகிறார். ஓட்டுநரிடம் தவறில்லை; ஆயினும் அவர் வண்டியில் அடிபட்டு ஒரு குழந்தை இறந்துவிடுகிறது. அவர் கொள்ளும் துயர், அருகில் நின்று கண்டோர் கொள்ளும் துயரினின்று வேறானது. பிறர் அவரைத் தேற்றவேண்டும் என்பது சரியே. ஆனால் அவர் மிக எளிதில் தேறிவிடுவாராயின் நாம் அவரை ஐயுறுவோம் என்கிறார் வில்லியம்ஸ். குற்றமின்மை ஒருவரைத் தம் செயலின் விளைவிலிருந்து முற்றிலும் பிரித்துவிடுவதில்லை என்பது இதன் சாரமாகும்.

தமிழ் மரபு இதனை முன்பே காவியமாக்கியிருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலன்மேல் பகை கொண்டவனல்லன். தேவியின் ஊடல் தீர்க்கும் விரைவில், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது கட்டளையிட்டான். விரைவும் கவனமின்மையுமே அவன் பிழை. ஊழ்வினை உருத்து வந்த காலமாதலின் அவ்வாறு நேர்ந்தது என இளங்கோவடிகளே அவனுக்கு ஒரு காரணம் தருகிறார். அக்காரணத்தைக் காவியம் கூறியது, பாண்டியன் கூறவில்லை. கண்ணகியின்முன் அவன் ஊழைத் துணைக்கழைக்காமல் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான். உயிர் துறத்தல் இக்காலத்து நமக்கு வழிகாட்டியன்று. காரணம் பிறர் சொல்லவேண்டியது, பொறுப்பு தான் சொல்லவேண்டியது என்னும் அவ்வேறுபாடே நமக்குரிய பாடமாகும். மருத்துவரின் சான்றிதழும் அத்தகையதே. கவனக்குறைவுடையவரைப் பிறர் புரிந்துகொள்ள அது உதவவேண்டும். தன்னால் இழந்தவர்முன் அவர் அதனைக் கேடயமாக நீட்டுதல் தகாது.

கருவி என்னும் சொல்

பொறுப்பை ஏற்பது என்றால் என்ன செய்வது? இனி மறக்கமாட்டேன் என்று உறுதி கூறுதல் பயனற்றது. அவ்வுறுதியும் மறக்கப்படும். நான்காம் வகுப்பு முதல் அவ்வாறு கூறிய உறுதிகள் ஆயிரத்திற்கும் மேல். விருப்பத்தில் குறை இருப்பின் உறுதிமொழி மருந்தாகும். குறை விருப்பத்தில் இல்லாதபோது உறுதிமொழி மேலும் ஒரு பொய்யாகவே முடியும்.

பொச்சாவாமை அதிகாரத்தில் ஒரு குறள், மறவாமையாகிய கருவியைக் கொண்டு போற்றிச் செய்தால் அரியன என்று கைவிடத்தக்கவை இல்லை என்னும் கருத்துடையது. கருவி என்பதற்குப் பரிமேலழகர் மறவாத மனம் என்று பொருள் கொள்கிறார். மனம் அகக்கருவியாதலின் அவ்வாறு கூறப்பட்டது என்பது அவர் கருத்து. அவ்வுரை நேரிய உரையே. ஆயின் அகக்கருவி அவ்வாறு அமையாதவர் என்செய்வது? வள்ளுவர் மனம் என்னாது கருவி என்றது அவர்க்கு ஒரு வாயிலைத் திறக்கிறது. கருவி அகத்தே இல்லையெனில் புறத்தே அமைத்துக்கொள்ளலாம்.

இது வலிந்து கொண்ட பொருளெனத் தோன்றலாம். ஆனால் வள்ளுவரே அரசனுக்குப் புறக்கருவி ஒன்றை விதித்துள்ளார். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பவர் இல்லாமலும் கெடுவான் என்கிறார். அரசனின் நினைவை அவன் மனத்திடம் மட்டும் ஒப்படைக்க வள்ளுவர் உடன்படவில்லை. வேறொருவரின் நாவிடமும் ஒப்படைத்தார்.

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தில், தமிழ்நாட்டிலிருந்து திருவிதாங்கூர் அரசரால் குடியேற்றப்பட்ட சாலியர் மரபினர் இன்றும் கைத்தறி நெய்கின்றனர். காலையில் பாவினைத் தெருவில் நீளக் கட்டி, கஞ்சிப்பசையிட்டு, இழைகள் ஒட்டாதபடி நீவி உலர்த்துவர். அது ஒருவர் செய்யும் பணியன்று; பாவின் நெடுகிலும் பலர் நிற்பர். ஒருவர் கண் வழுவிய இடத்தில் மற்றொருவர் கை அறுந்த இழையை முடியும். கவனம் அங்கு ஒருவர் தலைக்குள் இருப்பதில்லை. தெரு முழுவதும் பரவியிருக்கிறது. இன்றைய அலுவலகமும் கல்விக்கூடமும் கவனத்தைத் தனியொருவர் தலைக்குள் அடைத்து, அங்கு அது இல்லையெனில் அவரைக் குற்றவாளியாக்குகின்றன.

மாணவியின் விண்ணப்பம் பதினொரு நாள் பையில் கிடந்ததற்கு மறதி மட்டும் காரணமன்று. அப்பதினொரு நாளும் மாணவி நினைவூட்டவில்லை. ஆசிரியர்க்கு நினைவூட்டுவது மரியாதைக் குறைவு என்று அவர் கருதினார். நம் நிறுவனங்களில் நினைவூட்டல் மேலிருந்து கீழே வரும். கீழிருந்து மேலே செல்லாது. மாணவர் மறந்தால் தண்டனை. ஆசிரியர் மறந்தால் மாணவர்க்கே தண்டனை. பொச்சாவாமையை வள்ளுவர் ஆள்வோர்க்கு ஓதிய காரணம் இங்கு விளங்குகிறது. அதிகாரம் உடையவரின் மறதியே பிறர் வாழ்வை அழிக்கவல்லது. ஆதலின் கவனக்குறைவுடைய ஆசிரியர் ஏற்கவேண்டிய முதற்கடமை, தம்மை இடித்துரைக்கும் உரிமையைத் தமக்குக் கீழுள்ளோர்க்கு வழங்குவதாகும்.

அதன்பின் சில ஏற்பாடுகள் செய்யப்பட்டன. எந்தத் தாளும் தந்தவர் முன்னிலையிலேயே கையொப்பமிடப்படும், பைக்குள் செல்லாது. இறுதிநாள்கள் அறைச்சுவரில் அனைவரும் காண எழுதப்படும். மாணவர் எவரும் எத்தனை முறையும் நினைவூட்டலாம்; அதற்கு முகம் சுளிக்கப்படாது. அலைபேசி ஒலிப்பானும் மருத்துவர் தந்த மாத்திரையும் உடன் உள்ளன. இவை வெட்கத்திற்குரியவை அல்ல. கண்ணாடி அணிபவர் பார்வைக்கு உறுதிமொழி எடுப்பதில்லை; கண்ணாடியை எடுத்து அணிகிறார். அணியாமல் வண்டி ஓட்டினால்தான் குற்றம். அதுபோல, கவனக்குறைவுடையவரின் அறக்கடமை மறவாதிருத்தல் அன்று. தம் மறதி பிறர்மேல் விழாதபடி கருவி அமைத்தலாகும். அமைக்க அறிந்தும் அமையாதிருத்தலே இங்குப் பொச்சாப்பு.

அக்கருவிகள் எப்போதும் வெல்வதில்லை என்பதையும் கூறவேண்டும். பால் இன்னும் சிலநாள் கருகுகிறது. மாணவி மறு ஆண்டு திரும்பி வந்து விண்ணப்பித்தார்; உதவித்தொகை கிடைத்தது. இழந்த ஆண்டு திரும்பவில்லை.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

விருப்பமின்றி நிகழும் மறவியும் விரும்பி ஏற்கும் மடியும் வேறு வேறானவை. திருக்குறள் இவ்வேறுபாட்டை உட்கொண்டிருக்க, பின்வந்த வழக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பொச்சாவாமை அதிகாரம் வலியோர்க்கு ஓதப்பட்டது. எளியோரைக் கடிய அதனைப் பயன்படுத்துதல் இடமறியாமையாகும். எல்லைப்புறப் பள்ளிகளில் பயிலும் தமிழ்ப்பிள்ளைகளின் குறிப்பேட்டில் சிரத்தை இல்லை என எழுதப்படும்போது, அச்சொல் வீட்டில் எப்பொருளில் படிக்கப்படுகிறது என்பதை ஆசிரியர் எண்ணவேண்டும். குற்றமின்மை பொறுப்பின்மை ஆகாது. கவனக்குறைவுடையவர் பழியிலிருந்து விடுபடலாம், கடனிலிருந்து விடுபட இயலாது. அக்கடனை இறுக்கும் வழி உறுதிமொழியன்று, கருவி. அக்கருவிகளுள் தலைசிறந்தது, நினைவூட்டத் துணியும் மற்றொரு மனிதர்.

இக்கட்டுரையாளரின் மகன் இப்போது நான்காம் வகுப்பில் பயில்கிறான். சென்ற மாதம் அவன் குறிப்பேட்டிலும் அதே மலையாளத் தொடர் வந்தது. அம்மை அதனை எடுத்துப் படித்தார். பின் பேரனிடம், "மக்களே, நாளைக்கு என்னெல்லாம் கொண்டு போணும்? சொல்லு, பாட்டி எழுதி ஒட்டி வைக்கேன்" என்றார். முப்பதாண்டு இடைவெளியில் ஒரு வீட்டில் ஒரு சொல்லின் பொருள் மாறியிருக்கிறது. பள்ளிகளிலும் நிறுவனங்களிலும் அது மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோளாகும்.